உளிகளுக்கு ஒரு வருகைப் பதிவேடு

 

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நான் சேர்த்து வைத்திருக்கும் உளிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் போட்டேன். அதற்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பாடவேளை முழுக்க என்னைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

வந்த கேள்விகள் மூன்று வகை. "டீச்சர், இதெல்லாம் என்ன விலை போகும்?" என்பது ஒன்று. "ஏன் டீச்சர் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை?" என்பது இரண்டு. மூன்றாவது, சொந்தக்காரர்கள் கேட்டது: "பொம்பளைக்கு எதுக்கும்மா உளியும் சுத்தியலும்?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் துணைக்கருவி இல்லாமல் வகுப்புக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம் மாதிரி. அட்டை, களிமண், தீக்குச்சி, புளியங்கொட்டை, எதை வைத்தாவது ஒன்றைச் செய்துகொண்டுதான் போக வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் நெய்வேலிக்கு வேலைக்கு வந்தேன். இங்கே பள்ளிக்கூட பெஞ்சுகளைப் பழுது பார்க்க ஒரு தச்சர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் ஒரு சாக்குப் பை தொங்கும். அதுதான் அவருடைய பட்டறை. அவரிடம் படம் வரைந்து காட்டி மணிச்சட்டம் செய்து வாங்கினேன். பிறகு பின்னம் நடத்துவதற்காகப் பலா மரத்தில் வட்டங்கள். முழு வட்டம் ஒன்று, இரண்டாக அறுத்தது ஒன்று, நான்காக அறுத்தது ஒன்று, எட்டாக அறுத்தது ஒன்று. பண்ருட்டிப் பலா. மஞ்சளாக, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். உங்களில் எத்தனையோ பேர் அந்த வட்டங்களைக் கையில் வைத்துத்தான் கால், அரை, முக்கால் கற்றீர்கள். ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்!

அந்தத் தச்சர் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் ஊரிலிருந்து வந்தவர். ஊரில் இருந்தவரை ஏர், வண்டி, கதவு, நிலை, தொட்டில், பாடை வரைக்கும் அவர் குடும்பம்தான் செய்யும். அறுவடைக்கு வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று கூலி. ஊர் கலைந்த பிறகு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை, களத்து நெல்லும் இல்லை. டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாகச் சுற்றி, மழைக்கு ஊதிப்போன ஜன்னல் கதவுகளைச் சீவிக் கொடுத்துப் பிழைத்தார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அதில் இருவர் என் வகுப்பில் படித்தார்கள்.

1997 வாக்கில் அவர் மறைந்தார். துக்கம் கேட்கப் போனபோது, அந்தச் சாக்குப் பை திண்ணையில் ஒரு தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் வந்திருந்தார். வீட்டில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. காசு தேவை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக்காரர் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்து அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே பதினொரு உளிகள், ஒரு இழைப்புளி, ஒரு வாய்ச்சி, புளிய மரத்தில் செய்த கொட்டாப்புளி ஒன்று. கொட்டாப்புளியின் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

பொம்பளைக்கு எதுக்கு உளி என்று கேட்ட அத்தைமார்களுக்கு இதுதான் பதில். என் வகுப்பறையில் பாதிப் பாடத்தை அந்த உளிகள் நடத்தியிருக்கின்றன. அவற்றைக் கிலோ கணக்கில் போக விட மனசு வரவில்லை.

அப்படிச் சேரத் தொடங்கியது இப்போது எழுபத்து நான்கு ஆகியிருக்கிறது. மர உளி நாற்பத்தேழு, கல் உளி பதினாறு, இரும்பை வெட்டும் வெட்டிரும்பு எட்டு, படகு வேலை உளி மூன்று. மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கடலூர் முதுநகர் என்று பழைய இரும்புக் கடைகள் எனக்குப் பழக்கம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது உங்களுக்கு மறக்காது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, கூரையெல்லாம் பறந்து, ஊரே பரணைக் காலி செய்தது. அதற்கடுத்த சில மாதங்களில் மட்டும் பத்துப் பன்னிரண்டு உளிகள் கிடைத்தன.

இனி, உளியை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். டீச்சர் அல்லவா, பாடம் நடத்தாமல் விட மாட்டேன்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். தச்சர் தினமும் சாணைக் கல்லில் தீட்டுவார். தீட்டத் தீட்ட உளி குட்டையாகும். ஒரு சாண் நீளமாக இருந்த உளி நான்கு விரல் நீளத்துக்கு வந்திருந்தால், காணாமல் போன அந்த இரும்பு ஒரு மனிதரின் வேலைக்காலம். அடுத்து பிடி. மேலே பூண் இருக்கிறதா, இல்லாமல் அடி வாங்கிச் சிதறியிருக்கிறதா? பிடியில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக, கறுப்பாக இருந்தால் அது கட்டை விரல் பதிந்த இடம். என்னிடம் உள்ள ஓர் உளியில் பள்ளம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். இன்னாரென்று தெரியாத மனிதரைப் பற்றி இது ஒன்றாவது தெரிகிறது.

பிறகு உடம்பின் கனம். அகலமாக, மெல்லியதாக இருப்பது கையாலேயே தள்ளிச் சீவுவதற்கு. ஒடுங்கி, தடித்து இருப்பது கொட்டாப்புளியால் அடித்துச் சட்டத்தில் துளை எடுப்பதற்கு. முனை நகம் மாதிரி வளைந்திருந்தால் நகவுளி. தூணில் பூ, கொடி, வளைவு செதுக்குவதற்கு. கல் உளிக்கு மரப்பிடி கிடையாது. முழுக்க இரும்பு. சுத்தியல் அடி வாங்கி வாங்கித் தலை காளான் மாதிரி விரிந்திருக்கும். படகு உளி இன்னும் வேடிக்கை. அதற்குக் கூரே கிடையாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணிப்பதுதான் அதன் வேலை. கூராக இருந்தால் பஞ்சை அறுத்துவிடும். கலப்பத்து வேலை என்பார்கள். உளி என்று பெயர் வைத்துக்கொண்டு மழுங்கலாக இருப்பதே அதற்குத் தகுதி!

நாட்டு உளிகளில் எனக்குப் பிடித்த விஷயத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். உளி முழுவதும் எஃகு என்று நாம் நினைக்கிறோம். பழைய கொல்லர்கள் அப்படிச் செய்ததில்லை. எஃகு விலை அதிகம். அதோடு, முழுக்கக் கடினமாக இருந்தால் அடி தாங்காமல் ஒடிந்துவிடும். எனவே உடம்பு மெத்தென்ற இரும்பு. வாய்ப் பக்கம் மட்டும் ஒரு தகடு எஃகை வைத்து, உலையில் வெளுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டவைப்பார்கள். பிறகு காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அந்த எஃகு மட்டும் கண்ணாடி மாதிரி இறுகும். அப்படியே விட்டால் பொறிந்துவிடும் என்பதால் மறுபடி மெல்லச் சூடேற்றுவார்கள். அப்போது தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, நீலம். வைக்கோலுக்கும் பழுப்புக்கும் நடுவே பார்த்து நிறுத்தினால் மரம் செதுக்கப் பதம். சுமார் 230 முதல் 260 டிகிரி செல்சியஸ் சூடு அது. தெர்மாமீட்டர் இல்லாமல், சாயங்கால வெளிச்சத்தில், கண்ணால் மட்டும் பார்த்துப் பதம் பிடித்தார்கள். நம் அம்மாக்கள் பாகுப் பதம் பார்க்கிற மாதிரிதான்.

எங்கள் வீட்டுக்காரர் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். எனக்கு இதை நம்பவைக்க ஒரு வழி காட்டினார். உடைந்த உளி ஒன்றை கிரைண்டரில் வைத்தார். உடம்புப் பகுதியிலிருந்து நீளமான கம்பி மாதிரிப் பொறி பறந்தது. வாய்ப் பகுதியை வைத்ததும் பொறி நுனியில் பூப்பூவாக வெடித்தது. கரிச்சத்து கூடக் கூட அப்படி வெடிக்குமாம். ஒரே உளிக்குள் இரண்டு வகைக் கம்பி மத்தாப்பு.

இப்போது துருக் கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கும் பண்ருட்டியில் உள்ள ஒரு முதிய தச்சருக்கும் பல வருஷமாக வழக்கு. அவருக்கு எண்பதை நெருங்குகிறது. என் உளிகளைப் பார்த்தவுடன், "டீச்சரம்மா, வாய் போன உளியை எதுக்கு வெச்சிருக்கீங்க? வெட்டாத உளி வெறும் இரும்புதானே?" என்று கேட்டார். தீட்டினால் பழைய தேய்மானம் போய்விடும், கொல்லர் அடித்த தடம் போய்விடும், முத்திரை இருந்தால் அதுவும் அழிந்துவிடும் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஓர் உளியை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டு, பத்து நிமிஷம் தீட்டினார். வாயோரத்தில் மினுமினுவென்று ஒரு கோடு தெரிந்தது. இரும்பு சாம்பல் நிறம், எஃகு வெள்ளி நிறம், நடுவே நூல் பிடித்த மாதிரி ஒட்டு. "பாருங்க, எவ்வளவு சுத்தமா ஒட்டியிருக்கான். தீட்டலைன்னா இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். ஒரு பலாத் துண்டை எடுத்துக் குறுக்கே சீவினார். சுருள் சுருளாக விழுந்தது.

அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். இருவரும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். மிகப் பழையது, முத்திரை உள்ளது, செய்முறை விசித்திரமாக இருப்பது, இவற்றின் மீது கை வைப்பதில்லை. செந்துரு பரவாமல் துணியில் மெஷின் ஆயில் தொட்டுத் துடைப்பதோடு சரி. கறுப்பும் பழுப்புமாகப் படிந்திருப்பது இரும்புக்குப் போர்வை, அதை உரிக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்துவிடும். மற்ற உளிகளை, உழைக்க ஆள் கிடைத்தால் தீட்டலாம். ஆள் இல்லாமல் அழகுக்காகத் தீட்டக் கூடாது.

விலை கேட்டவர்களுக்கு: நாட்டு உளிக்குச் சந்தையே இல்லை. தராசு விலைதான். சீமை உளிக்கு மட்டும் வாங்க ஆள் உண்டு. என்னிடம் அப்படி ஐந்து இருக்கின்றன. ஒன்றில் மூன்று இலை முத்திரை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மார்பிள்ஸ் கம்பெனியின் அடையாளம் அது. இன்னொன்றில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருப்பது நம் கடலூர் மாவட்டத்தையே தொடுகிற கதை. கேளுங்கள்.

மூடிய மண் குகையில் இரும்பை உருக்கி எஃகாக்கும் முறையை ஷெஃபீல்டில் 1740களில் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர். அந்த எஃகுக்குத்தான் காஸ்ட் ஸ்டீல் என்று பெயர். ஆனால் குகையில் உருக்கி எஃகு செய்யும் வித்தை நம் பக்கம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 'வூட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த இந்திய எஃகை, மின்சாரத்துக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடேகூட 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து பார்த்தார்.

இதில் பரங்கிப்பேட்டை எங்கே வருகிறது? நம் டவுன்ஷிப்பிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பரங்கிப்பேட்டையில், 1830களில் ஒரு பெரிய இரும்பாலை நடந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆரம்பித்தது. சேலம் பக்கத்துத் தாதுக்கல், மரக்கரி அடுப்பு. இங்கே உருக்கிய இரும்பு கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. பின்னர் ஹீத்தும் ஷெஃபீல்டுக்குப் போனார். எஃகு உருக்கும் குகையில் மாங்கனீசு கலந்த கரியைச் சேர்த்தால் சாதாரண இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை வெகுவாக இறங்கியது. ஆனால் அவருக்குக் கிடைத்தது வருஷக்கணக்கில் கோர்ட்டு வழக்குத்தான். பரங்கிப்பேட்டை ஆலையும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூடிப்போனது. எரிக்க மரக்கரி கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம். அன்றைக்கு நெய்வேலி மண்ணுக்கடியில் இவ்வளவு பழுப்பு நிலக்கரி கிடப்பது யாருக்கும் தெரியாது. 1930களில் கிணறு தோண்டியபோதுதான் அது தலைகாட்டியது.

சீமைச் சரக்கு என்று நாம் தூக்கிவைத்துக் கொண்டாடும் உளியின் கதையில் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் அந்த ஐந்தையும் நாட்டு உளிகளோடு ஒரே பாயில் அடுக்கினேன்.

இதைவிடப் பழைய கருவிகளைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். என்னிடம் அவை இல்லை. இருக்கவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். 2006இல் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூர் என்ற ஊரில், ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டினார். வழவழப்பாகத் தீட்டிய கல் கோடாலி கிடைத்தது. புதிய கற்காலக் கருவி. அதை அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்த தன் நண்பரிடம் கொடுத்தார். அதில் கீறியிருந்த குறிகள் சிந்துவெளி எழுத்துக்கள் என்று ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. அந்த வாசிப்பு பற்றி அறிஞர்கள் விவாதிக்கலாம். ஆனால் விவாதிக்க ஒரு பொருள் கையில் இருப்பதற்குக் காரணம், அந்த ஆசிரியர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். நம்ம இனத்து மனுஷர் என்று எனக்கு அவரைப் பற்றி ஒரு பெருமை.

ஆகவே பிள்ளைகளே, வயலிலோ கொல்லையிலோ கல் கோடாலி, பழைய இரும்பு, பானை எது கிடைத்தாலும் கழுவாதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியருக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மண்ணில் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தப் பொருளின் பாதி வரலாறு. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அந்தக் கணக்கு இரும்பை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. அதோடு கிடந்த கரித்துண்டை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தது. யாராவது முன்பே தோண்டிக் கடையில் போட்டிருந்தால், கரி எங்கே, காலம் எங்கே?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் அங்கே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று ராஜா அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உலோகம் இல்லாம எப்படிக் குடைஞ்சாங்களாம்? எத்தனை உளி தேஞ்சிருக்கும்!"

ஃபிட்டர் கேள்வி. ஆனால் சரியான கேள்வி. கட்டடத்தில் உலோகம் இல்லை என்பது ராஜாவின் பெருமை, அது உண்மையும்கூட. அந்தப் பெருமையைச் செய்து கொடுத்தது இரும்பு உளி. கருங்கல்லில் வேலை செய்கிற உளி சீக்கிரமே மழுங்கிவிடும். கல்தச்சர் பத்துப் பேர் என்றால் பக்கத்தில் ஊதுலை போட்டு, நாள் முழுக்க உளி காய்ச்சிக் கொடுக்க ஒரு கொல்லரும் வேண்டும். மாமல்லபுரத்தில் வேலை முடியாமல் நின்றுபோன ரதங்களில் அவர்கள் கொத்திய தடம் அப்படியே தெரிகிறது. மண்டகப்பட்டில் ராஜாவின் பெயர் இருக்கிறது. மூன்று தெய்வங்களின் பெயர் இருக்கிறது. கொல்லர் பெயர் இல்லை.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய கொல்லரை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தச்சரை முடியும். அதற்காகத்தான் நான் ஒரு காரியம் செய்து வருகிறேன்.

பள்ளியில் உபயோகப்படாமல் கிடந்த ஒரு வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. அதில் வரிசை எண், பெயர் என்ற கட்டங்களுக்கு நேராக உளிகளை எழுதி வைத்திருக்கிறேன். யாருடையது, எந்த ஊர், என்ன வேலை செய்தார், அடித்த கொல்லர் தெரிந்தால் அவர் பெயர், யாரிடமிருந்து எப்போது வாங்கினேன். எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் கேட்பது விலையை அல்ல, "இதை யார் போட்டாங்க?" என்றுதான். பல சமயம் கடைக்காரருக்கு நினைவிருக்கும். அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறேன். காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் கணவர் செய்த நிலைக்கதவு எந்தெந்தத் தெருவில் இருந்தது என்று வரிசையாகச் சொன்னார். அந்தத் தெருக்கள் இருந்த இடத்தில் இன்று சுரங்கம். கதவும் இல்லை, தெருவும் இல்லை, ஊரும் இல்லை. பாட்டியின் நினைவும் அந்த உளியும் மட்டும் இருந்தன. இப்போது பாட்டியும் இல்லை.

எழுபத்து நான்கில் ஐம்பத்தொன்றுக்குப் பெயர் எழுதிவிட்டேன். இருபத்து மூன்றுக்குக் கட்டம் காலியாக இருந்தது, போன ஞாயிறு வரை.

அன்று இரவு பதினொரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. 1990களில் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பையன். பையன் என்ன, அவனுக்கே இப்போது காலேஜ் போகும் மகள் இருக்கிறாள். "டீச்சர், மூணாவது வரிசையில கடைசியா இருக்கிற உளி... பிடியில மூணு வெட்டு, கீழே ஒரு 'சி' மாதிரி இருக்குல்ல? அது எங்க தாத்தா போடுற அடையாளம் டீச்சர். எங்க வீட்டு மணைப்பலகையிலயும் அதேதான் இருக்கு" என்றான். அதற்குமேல் பேச முடியவில்லை அவனுக்கு. கொஞ்ச நேரம் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அவன் அம்மா ஊரிலிருந்து மணைப்பலகையைப் படம் எடுத்து அனுப்பினார். அதே மூன்று வெட்டு, அதே எழுத்து. உளி எண் 31. அவருடைய பெயரை அன்றே பதிவேட்டில் எழுதினேன். எந்த ஊர், யாருக்கெல்லாம் வண்டி செய்தார் என்பதை அவன் அம்மா சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. உளியைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், ஆனா தாத்தா பேரோட இருக்கட்டும்" என்றான்.

எனக்கு அறுபத்தாறு ஆகிறது. மகன் பெங்களூருவுக்கு வரச் சொல்கிறான். அவன் ஃபிளாட்டில் எழுபத்து நான்கு உளிக்கு இடமில்லை. மருமகள் நல்ல பெண், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் எனக்கே தெரியும். அதனால் இப்போதே ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டேன். மரச் சிற்பம் செய்யும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பன்னிரண்டு உளிகள் போயிருக்கின்றன. பண்ருட்டிப் பெரியவர்தான் தீட்டிக் கொடுத்தார். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: 'இப்போது யார் கையில்'. அதில் அவன் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனான், நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி. தீட்டக் கூடாதவற்றை ஏதாவது ஓர் அருங்காட்சியகமோ பள்ளியோ பெற்றுக்கொள்ளுமா என்று கேட்டு வருகிறேன். எங்கே போனாலும் பதிவேட்டின் நகலும் கூடவே போக வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

இனி வீட்டுப்பாடம்.

ஒன்று, உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பரணில் பழைய கருவி எது இருந்தாலும், உளி, வாய்ச்சி, இழைப்புளி, அரிவாள், தறிக்கட்டை, நெல் அளக்கும் மரக்கால் எதுவானாலும், யாருடையது என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதில் கட்டி வையுங்கள். விற்பதென்றால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் தேவை. ஆனால் எழுதிய பிறகு விற்றுவிடுங்கள்.

இரண்டு, கீழே இருபத்திரண்டு உளிகளின் படங்களை எண்ணோடு போட்டிருக்கிறேன். பிடியில் உள்ள வெட்டு, புள்ளி, எழுத்து எல்லாம் தெரியும்படி எடுத்திருக்கிறேன். சுரங்கத்துக்குப் போன ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. உங்கள் அம்மா, அப்பா, பாட்டியிடம் காட்டுங்கள். வீட்டுப் பழைய பெட்டி, ஊஞ்சல் பலகை, மணை, உலக்கை இவற்றில் இதே அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எண்ணைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.

மூன்று, படம் அனுப்புகிறவர்கள் கருவிக்குப் பக்கத்தில் ஓர் அடிக்குச்சியை வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எத்தனை அங்குலம் என்று தெரியாமல் பதிவேட்டில் எழுத முடியாது. அடிக்குச்சி இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. வீட்டில் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒன்று கட்டாயம் இருக்கும்.